கடைசிக் கம்பத்து வெயில்

ஆடிக்காற்று மாடிக் கதவை அடித்துத் திறப்பதும் அடித்துச் சாத்துவதுமாக இருந்த ஒரு முற்பகலில் தங்கச்சி போனில் கூப்பிட்டாள். நான் சேலத்தில், வாடகை வீட்டு மாடியில், ஒரு வரிகூட இறங்காத காகிதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, சும்மாதான இருக்கறீங்க?"

"எழுதிட்டிருக்கறேன்."

"அதத்தானுங்ணா கேட்டேன். கெளம்பி வாங்க. வெய்யிலு மண்டையப் பொளக்குது, மேல பேனலு தூங்குது. இவரு பையைத் தொடச்சு வெச்சுட்டாரு."

பை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கணவர், என் மாப்பிள்ளை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போகிறவர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய் மண்ணைத் துளைக்கும். அந்த ஊர்களில் மழை பிடித்துக்கொண்டால்தான் இங்கே ஆண்கள் வீடு திரும்புவார்கள். எங்கோ பெய்கிற மழையில் இங்கே பெண்களின் முகம் தெளியும். இங்கே அப்போது சொட்டு மழை இருக்காது. காற்றும் காய்ந்த வெயிலும்தான்.

அந்த வெயிலை நம்பித்தான் தங்கச்சி ஒரு காரியம் செய்திருந்தாள். மல்லசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம், திருச்செங்கோட்டு மலை கிழக்கு முகமாகத் தெரிகிற ஒரு ஊரில், தெருவின் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் தறிப்பட்டறை, எட்டு விசைத்தறி. பட்டறையின் தகரக் கூரை மேல் சித்திரையில் சோலார் பேனல் ஏற்றினாள். தறிக்கு வேண்டிய மின்சாரம் கூரையிலேயே விளைந்து, மிஞ்சியது தெருக்கம்பிக்குப் போய்விட்டால், பட்டறை வருமானத்திலேயே இரண்டு பேரும் இருந்துகொள்ளலாம். அவர் வண்டி ஏற வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார். "ஆடிக்குள்ள ஒழுங்கா ஓடுதான்னு பாக்கறேன். ஓடுனா இருக்கறேன். ஓடலீன்னா வண்டில ஏறிக்கறேன்." புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு அவ்வளவுதான். ஆடி அமாவாசைக்கு மறுநாள் வண்டி கிளம்புகிறது.

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு எனக்கு. பிற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பட்டறைச் சுவரில் இன்வெர்ட்டர் பெட்டி மாட்டியிருந்தது. இரும்புப் பெட்டி, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. பச்சையாக எரிந்தால் கூரையும் கம்பியும் பேசிக்கொள்கின்றன. சிவந்தால் பெட்டி தன்னைக் கம்பியிலிருந்து கழற்றிக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகு மேலே எவ்வளவு வெயில் விழுந்தாலும் அது வெறும் வெயில்தான்.

நான் பார்க்கும்போது பச்சையாக இருந்தது. எட்டுத் தறியும் ஒன்றின் பேச்சை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடின. சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பக்கத்துப் பட்டறைகளும் நின்றன. கையைக் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் சிவப்பு. சற்று நேரத்தில் பச்சை. மறுபடி சிவப்பு.

"விக்கலு எடுக்குதுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை வாசற்படியிலிருந்து. "தண்ணி கிண்ணி குடுத்துப் பாருங்க."

தண்ணீரும் கொடுத்துப் பார்த்திருந்தாள் தங்கச்சி. பெட்டி சூடாகிறது என்று லைன்மேன் சொன்னதைக் கேட்டு, அதன் தலைக்கு மேல் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பேனல் விற்ற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து உள்ளே எதையோ மாற்றிவிட்டு, பெட்டியில் கோளாறே இல்லை என்று சொல்லிப் போயிருந்தார். பேனல் தெற்கே சாய்ந்திருப்பது ஆகாது என்றும், வடக்கே திருப்பினால் சரியாகும் என்றும் ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னாராம். சூரியன் எந்தப் பக்கம் போகிறதென்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பெட்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் ஊரின் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு டிவி புகைந்துபோனது. அன்றிலிருந்து அவர் தெருவில் நின்று பேசுவது எல்லாம் எங்கள் கூரையைப் பார்த்துத்தான்.

என்னைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வாங்க சாமி. எப்ப வந்தீங்க? பொறந்தவ ஊட்டுல வெள்ளாமை எப்புடின்னு பாக்கவா? கூரை மேல நல்லா வெளஞ்சிருக்குதுங்க. அறுப்புக்கு எங்க ஊட்டு டிவியைத்தான் மொதல்ல அறுத்துது."

"அதுதான் அடிச்சுதுன்னு எப்புடீங்க சொல்றீங்க?" என்றாள் தங்கச்சி உள்ளிருந்து.

"பின்ன என்ன, அந்தக் காக்காயா அடிச்சுது? பேனலு வர்றதுக்கு முன்ன எட்டு வருசம் நல்லா ஓடுச்சு அம்மிணி. டிவி நாடகத்துல அந்த மாமியாகாரி என்ன ஆனான்னே எங்கூட்டுக்காரிக்குத் தெரியலை. சோறு ஒழுங்கா வர்றதில்லை எனக்கு."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் ஊராட்சியிலும் கரண்ட் ஆபீசிலும் சிரிக்காமல் சொல்லிவிட்டு வந்திருந்தார். பேனலைக் கழற்ற வேண்டும் என்று.

*

எனக்கு ஒரு பழக்கம். புரியாததைச் சுற்றி நடப்பேன். மறுநாள் காலை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நடக்கத் தொடங்கினேன். கம்பத்துக்குக் கம்பம், அண்ணாந்து பார்த்துக்கொண்டே. கம்பி எங்கே தொய்கிறது, எங்கே பிரிகிறது, எந்தப் பட்டறைக்குள் நுழைகிறது. ஆடிக்காற்றில் கம்பிகள் ஒன்றையொன்று தொட வந்து தொடாமல் விலகின. மின்சாரம் எப்படி இருக்கும்? யாரும் பார்த்ததில்லை. அது செய்துவிட்டுப் போன வேலையைத்தான் பார்த்திருக்கிறோம், காற்றைப் போல. இவ்வளவு காலமும் அது ஒரே பக்கமாகத்தான் வந்தது. மேட்டூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ பெரிய கோபுரங்களில் ஏறி, சின்னக் கம்பங்களில் இறங்கி, கிளை பிரிந்து கிளை பிரிந்து, கடைசியாக என் தங்கச்சி வீட்டுக் கம்பத்தில் வந்து முட்டி நிற்கும். வாய்க்கால் கடைமடை மாதிரி. முன்னால் இருப்பவர்கள் எடுத்ததுபோக மிச்சம்தான் கடைசி வீட்டுக்கு.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் ட்யூப்லைட் பிடிக்காது. கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும். சாயங்காலம் எல்லாப் பட்டறையும் ஓடும்போது மோட்டார் முனகும், சுற்றாது. ஒருநாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கரண்ட் ஆபீசு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆபீசு ஆட்கள் வந்து டிரான்ஸ்ஃபார்மரின் வயிற்றில் இருக்கிற ஒரு திருகை மேலே திருப்பி வைத்தார்கள். டாப் என்று அதற்குப் பெயர். அதைத் திருப்பினால் அந்த வரிசை முழுக்க அழுத்தம் கூடும். அன்று சாயங்காலம் கடைசி வீட்டில் ட்யூப்லைட் சிமிட்டாமல் எரிந்தது. பெண்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தேங்காய் உடைத்தார்களாம். எதிர்வீட்டுக்காரர்தான் தேங்காயை உரித்துக் கொடுத்தாராம். இனி எதற்கு என்று டிவிக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரையும் அன்றே தூக்கி அட்டாலிப் பரணில் போட்டுவிட்டாராம்.

எங்கள் சீமையில் மின்சாரம் என்றால் பத்தாதது. அப்படித்தான் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. அது அதிகமாகும் என்று எவருக்குத் தோன்றும்?

தங்கச்சி மட்டும் பழைய ஸ்டெபிலைசரைக் கழற்றவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தூசியோடு இருந்தது. முகத்தில் வட்டக் கண்ணாடி, உள்ளே ஒரு முள். நான் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல பொழுதுபோக்கு அது. முள் மூச்சு விடுகிற மாதிரி ஏறும், இறங்கும். பின்னால் பட்டறையில் தறிச் சத்தம், அதற்கு அப்பால் அடுத்த பட்டறைச் சத்தம், அதற்கும் அப்பால் தெரு முழுக்க.

மத்தியானம் வந்தது. ஒவ்வொரு பட்டறையாகச் சாப்பாட்டுக்கு நின்றது. முதலில் தூரத்துச் சத்தம் கழன்றது. முள் ஒரு நூல் ஏறியது. அடுத்தது நின்றது. இன்னொரு நூல். கடைசியாக எங்கள் தறிகள் நின்றபோது ஊரில் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நடுங்கியது. பட்டறையில் பெட்டி 'டக்' என்றது.

எழுந்து ஓடினேன். "சத்தம் நின்னாத்தான் அதுவும் நிக்குது!"

தங்கச்சி சோற்றுக் கையோடு வந்தாள். "ஞாயித்துக்கெழமை நாளெல்லாம் நிக்கும். போன அமாவாசைக்கும் நாளெல்லாம் நின்னுது. தறி ஓடாத நாளு." அவள் கண் விரிந்தது. "வெய்யிலுக்குத் தின்ன ஆளில்லீங்ணா."

மாப்பிள்ளை இலையை விட்டு எழவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கம்ப்ரசரை ஓட உட்டுட்டு காத்து போற வழிய அடச்சா, சேப்டி வால்வு தூக்கும். பொட்டி தப்பிக்குது. அவரு டிவிக்கு வால்வு இல்லை. வெடிச்சுது." அப்புறம் மோரை ஊற்றிக்கொண்டார். "வெவரம் தெரிஞ்சுது. தெரிஞ்சா ஓடிருமா?"

அவர் கேட்டது சரிதான்.

*

புகார் போயிருந்ததால் கரண்ட் ஆபீசிலிருந்து பொறியாளர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். காற்றுக்குத் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். கடைசிக் கம்பத்தடியில் நின்று கையிலிருந்த மீட்டரை மாட்டிப் பார்த்தார். பட்டறையில் தறிகளை நிறுத்தச் சொன்னார், மறுபடி ஓட்டச் சொன்னார்.

"நீங்க கண்டுபிடிச்சது சரிதான்க்கா," என்றார் தங்கச்சியிடம். "கம்பி போடும்போது ஒரு பக்கமா வர்றதுக்குத்தான் கணக்குப் பண்ணிப் போட்டது. டாப்பும் மேல இருக்கு. இப்ப நீங்க இந்தக் கடைசியிலேர்ந்து எதிர்ப்பக்கமா அனுப்பறீங்க. தறி ஓடினா பக்கத்துலயே தீர்ந்துபோவுது. ஓடலைன்னா போக இடமில்லாம வோல்டேஜ் தூக்குது."

"அப்ப அந்த டாப்பை எறக்கி வெச்சுருங்க சாமி," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"எறக்கலாம். சாயங்காலம் வெயில் போனதும் இந்தக் கடைசியில மோட்டாரெல்லாம் முனகும். மறுநாள் அக்கா எங்க ஆபீசு வாசல்ல வந்து உக்காருவாங்க."

தங்கச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் உட்கார்ந்த கதை ஆபீசில் இன்னும் உலவுகிறது போல.

நான் அவரை விடவில்லை. வண்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன். அவரும் சலிக்காமல் சொன்னார். பகலில் ஒரு மாதிரியும் இருட்டினால் வேறு மாதிரியும் தானாகவே டாப்பை மாற்றிக்கொள்கிற டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. தெருமுனையில் ஒன்று போதாமல் தெருக்கோடியிலும் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். கம்பியில் எங்கே என்ன நடக்கிறது என்பதை ஆபீசிலிருந்தே பார்க்கிற மீட்டர்கள் வருகின்றன. பகலில் மிஞ்சுவதைப் பிடித்து வைத்துச் சாயங்காலம் விடுகிற பெரிய பேட்டரிகளும் வரும். ஆடியில் பல்லடம், கம்பம் ஊர்ப் பக்கமெல்லாம் காற்றாலைகள் பேய் மாதிரி சுற்றும்; மத்தியானத்தில் வெயிலும் சேர்ந்துகொள்ளும்; ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போடும்போது வெயில் இருக்காது. "மிச்சமா இருக்கற நேரம் வேற, வேணுங்கற நேரம் வேற சார். இந்த ரெண்டையும் பக்கத்துல கொண்டுவர்றதுதான் இப்ப எங்க வேலையே. இந்தத் தெருவுல நடக்கறதுதான் பெரிய கம்பியிலும் நடக்குது."

"இங்க எப்பங்க வரும்?"

"கேட்டு எழுதியிருக்கேன். தேதி சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்." வண்டியை உதைத்தவர், தங்கச்சியைப் பார்த்து நிறுத்தினார். "இன்னொரு வீட்டுல ஏதாவது பொகஞ்சா உங்க பேனல் இணைப்பை நான் கழட்டித்தான் ஆவணும்க்கா. அதுவரைக்கும் மத்தியானத்துல இந்தக் கோடியில யாராவது அந்தக் கரண்டைத் தின்னுக்கிட்டே இருக்கணும்."

யார் தின்பது? ஊர் ஓய்கிற நேரம் அது.

"அமாவாசைக்கு நம்ம தறிய மட்டும் ஓட்டிப் பாத்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்கள்.

"தறியும் ஒரு நாளு படுக்கோணுமுங்ணா," என்றாள் அவள். "அது மட்டும் சொல்லாதீங்க."

*

விடியற்காலையில் ஓர் உறுமல் என்னை எழுப்பியது. தெருக்கோடியில், கடைசிக் கம்பத்துக்கு அடியில், மோட்டார் ரூம். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தங்கச்சி வாசல் தெளிக்க எழுந்தவள், வாளியோடு அப்படியே நின்று தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா. அந்த மோட்டாரு எதுக்குங்ணா விடியால ஓடுது?"

எனக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன் தொட்டி நிறையும், விடிந்ததும் குழாயில் தண்ணீர் வரும். அதை யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை. காபி குடித்ததும் எதிர்வீட்டுக்குப் போனோம்.

"எதுக்குன்னா?" என்றார் அவர். "அன்னைக்கெல்லாம் அந்த நேரத்துலதான் வோல்டேஜு நல்லா இருக்கும் அம்மிணி. ராத்திரித் தறி நின்னு, பகல் தறி ஏறாத நேரம். மத்தியானம் ஒருக்கா போட்டேன். மோட்டாரு பொகஞ்சு, மூணு நாளு ஊருக்குத் தண்ணியில்லை. இந்த ஊரு என்னைய என்னென்ன பேசுச்சுன்னு என்ற காது மறக்கலை."

"அது வோல்டேஜு கம்மியா இருந்தப்பங்க. இப்ப மத்தியானத்துல ஜாஸ்தியா இருக்குது. அப்பப் போட்டீங்கன்னா மோட்டாருக்கும் நல்லது, என்ற பெட்டியும் நிக்காது, உங்க டிவியும் பொகையாது. தண்ணி எப்ப ஏறுனா என்னங்க, விடியால தொறந்துவுட்டாப் போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இவதான ஏத்து ஏத்துன்னு ஆபீசு வாசல்ல போயி உக்காந்தா? இப்ப எறக்கு எறக்குங்கறா."

"ஆமாங்க. அன்னைக்குப் பசி. இன்னைக்கு அசீரணம்," என்றாள் தங்கச்சி.

அவர் வீட்டுக்காரி உள்ளே சிரித்தது கேட்டது. அதுதான் அவரைக் கொஞ்சம் அசைத்தது என்று நினைக்கிறேன். பீடியை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆடி அமாவாசைக்கு ஊருல ஒரு தறி ஓடாது. எல்லாம் ஆத்துக்குப் போயிருவாங்க. அன்னைக்குப் போடறேன். பொட்டி நிக்காம ஓடுச்சுன்னா தெனமும் மத்தியானமே போட்டுக்கலாம். நின்னுச்சுன்னா பேனலை எறக்கிப்போடோணும். என்ன சொல்ற?"

தங்கச்சி தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது.

"நானே ஏறி எறக்கறேனுங்க," என்றாள்.

*

அமாவாசையன்று ஊர் காலி. வேன் வேனாக ஜேடர்பாளையத்துக்குப் போய்விட்டார்கள், காவிரியில் முழுகவும் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடவும். மாப்பிள்ளை மட்டும் இருட்டோடு இருசக்கர வண்டியில் போய் அவர் அப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தலை ஈரம் காய்வதற்குள் திரும்பிவிட்டார். வந்தவர் பட்டறைப் படியில் உட்கார்ந்தார். பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்படி ஒரு நிசப்தத்தை அந்தத் தெருவில் நான் கேட்டதில்லை. தறிச் சத்தத்தின் அடியில் இத்தனை நாளாக ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. வேப்பங்காய் தகரத்தில் உருளும் சத்தம். எங்கோ ஒரு பசுவின் கழுத்துமணி. வெயில் ஏற ஏற கூரைத்தகரம் விரிந்து முறுக்குவிடும் சத்தம். நான் ஸ்டெபிலைசருக்கும் பட்டறைக்கும் நடையாய் நடந்தேன். முள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"போடுங்க!" என்று தங்கச்சி தெருவிலிருந்து கத்தினாள்.

மோட்டார் உறுமியது. முள் சிலிர்த்துக்கொண்டு, யாரோ தோளைத் தொட்டு உட்காரவைத்த மாதிரி இறங்கியது. பச்சை. பச்சையாகவே இருந்தது. மேலிருந்து வெயில் கூரையில் விழுந்து, தகரத்தின் அடியில் கம்பியாகி, தெருவைக் கடந்து, மண்ணுக்கடியிலிருந்து தண்ணீரைப் பிடித்து வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. இதில் எதையும் கண்ணால் பார்க்க முடியவில்லை. குழாயில் கையை வைத்தேன். அதிர்ந்தது.

வெயில் இன்னும் உச்சிக்கே வரவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கொட்ட ஆரம்பித்தது.

"அதுக்குள்ள எப்புடீங்க ரொம்புச்சு?" என்றாள் தங்கச்சி.

எதிர்வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடக் கெரகமே. விடியால எந்திரிச்சதும் வழக்கம்போல போட்டுட்டேன் அம்மிணி! இத்தனை வருசக் கை. தானாப் போயிருச்சு." சொல்லிக்கொண்டே, வழிகிற தண்ணீரைப் பார்த்த அதே பழக்கத்தில், ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

பட்டறையில் 'டக்'.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்பு. தங்கச்சி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அவள் உதடு மடிந்தது. ஒரு நொடிதான். சேலையை இழுத்துச் செருகினாள்.

"தெருக்குழாயெல்லாம் தொறந்துவுடுங்க! வால்வைத் தொறங்க! தொட்டி எறங்கட்டும், மோட்டாரைப் போடுங்க!"

"ஆருமில்லாத ஊருல ஆருக்குப் புடிக்கறது?"

"நம்ம புடிப்போம்!"

வால்வு திறந்தது. மோட்டார் மறுபடி உறுமியது. கடைசி வீட்டுக் குழாயில் காற்று துப்பி, பிறகு தண்ணீர் சீறியது. குடம், அண்டா, டிரம், நூல் நனைக்கிற தொட்டி. அவள் பிடித்துப் பிடித்துத் தள்ளினாள், நான் தூக்கினேன். எதிர்வீட்டம்மா அவர்கள் மாட்டுத்தொட்டியை நிரப்பினார். நான் அடுத்த வீட்டு வாசல் டிரம்மின் மூடியைத் திறந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து குடத்தை வாங்கியது.

"நீங்க சித்த நகருங்க மச்சான். உங்களுக்கு இடுப்புப் புடிச்சுக்கும்."

மாப்பிள்ளை வேட்டியை ஏற்றிக் கட்டியிருந்தார். அதன் பிறகு அவர்தான். பட்டறையிலிருந்து நீளமான ரப்பர் ஓஸ் குழாயைக் கொண்டுவந்தார். ரிக் வண்டியில் குழாயைக் கையாண்ட கை. ஒரு சுழற்றில் குழாயில் மாட்டி இறுக்கினார். பூட்டிக் கிடந்த வீடுகளின் டிரம்களையெல்லாம் வரிசையாக நிரப்பினார். டிரம் தீர்ந்ததும் தென்னைக்கு. தென்னை தீர்ந்ததும் கோயில் வேம்புக்கு. நடுநடுவே ஓஸைக் காலால் மிதித்துக்கொண்டு கேட்டார், யாரைப் பார்த்தென்று தெரியாமல்: "பச்சையா?"

"பச்சை," என்றேன் வாசலிலிருந்து.

"இப்ப?"

"பச்சைதான்."

நிழல் கிழக்கே சாயத் தொடங்கும்வரைக்கும் அப்படியே போனது. வேன்கள் திரும்பின. ஈரத் தலையோடு இறங்கிய பெண்கள் ஈரத் தெருவைப் பார்த்து நின்றார்கள். ஒவ்வொரு வாசல் டிரம்மும் விளிம்பு தட்டி நின்றது.

"மழை பேஞ்சுதா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா. மோட்டாரு பேஞ்சுது," என்றார் எதிர்வீட்டுக்காரர். எல்லோருக்கும் முன்னால் அவர் எங்கள் பட்டறைக்குள் வந்தார். பெட்டியின் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பச்சை விளக்கை வெகுநேரம் பார்த்தார்.

தங்கச்சி மறைக்கவில்லை. "நடுவுல ஒருக்கா நின்னுச்சுங்க."

"நின்னுச்சா?" அவர் திரும்பினார். "நான் தொட்டியப் பாத்துட்டிருந்தேன் அம்மிணி. பொட்டிய எங்க பாத்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு உச்சிக்குப் போடறேன். விடியாலைக்கு என்ற கைய கட்டிலோட கட்டி வெக்கச் சொல்லோணும்."

விரதச் சாப்பாடு அப்படியே இருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. காக்காய்க்கு வைத்த சோறு மட்டும் தீர்ந்திருந்தது. இலை போடும்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. ரிக் வண்டி மேனேஜர். இரண்டாவது தடவையும் அடித்தது. அவர் முழங்கைவரை ஈரமாக நின்றிருந்தார்.

"கையெல்லாம் தண்ணி. நீயே எடு."

"என்னன்னு சொல்றது?"

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "அங்க நின்னு தெருவுக்கே உத்தரவு போட்ட. இது தெரியாதா உனக்கு?"

அவள் போனை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், ஒரு சத்தமும் இல்லை.

"சொல்லுங்ணா... நல்லா இருக்கறமுங்க... இல்லீங்ணா, நாளைக்கு வரலீங்க. இல்லீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. அடுத்த நடைக்கும் இல்லீங்ணா, வேற ஆளு பாத்துக்குங்க." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவள் கணவரைப் பார்த்தாள், அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துல ஊருல வேலை இருக்குதுங்க அவருக்கு."